ஏ-டூ

கலக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் பாத்திரத்துக்குள் மோர்போலக் கலங்கிக் கிடந்தது மெல்ல இரண்டாகப் பிரிய வேண்டும். கனமானது எண்ணெய்போல அடியில் இறங்கும், தண்ணீர் மேலே நிற்கும். அடியில் இறங்குவதுதான் சரக்கு. வைத்திலிங்கம் பாத்திரத்தின் பக்கவாட்டில் டார்ச்சை வைத்து, குனிந்து பார்த்தார்.

"கோடு தெரியுதாண்ணே?" என்று கேட்டாள் எவாஞ்சலின்.

"வந்துகினு இருக்குது மேடம். இன்னங் கொஞ்சம் வுடணும். அவசரப்பட்டா கலந்துக்கும்."

பண்ருட்டிக்குப் போகிற சாலையில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்தது அந்தச் சின்ன கம்பெனி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு கூடங்கள், ஒரு ஆபீஸ் அறை, சுற்றிலும் முள்கம்பி. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த எவாஞ்சலின் இங்கே சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற கான்ட்ராக்ட். வைத்திலிங்கம் இங்கே வருவதற்கு முன்பு நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் மண்ணை வாரிக்கொண்டிருந்தவர். கான்ட்ராக்டர் மாறியபோது பழைய ஆட்களை எடுக்கவில்லை. இங்கே நிழலில் வேலை என்பதே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அவர்கள் செய்துகொண்டிருந்தது அறைச் சூட்டிலேயே திரவமாக இருக்கிற ஒரு உப்பு. பேட்டரிக்கு உள்ளே ஊற்றுவதற்கு வெளிநாட்டில் கேட்டிருந்தார்கள். இதேபோன்ற பழைய உப்பு ஒன்று உண்டு. தண்ணீர் பட்டால் அது சிதைந்து ஆசிட்டைக் கக்கும். இந்தப் புதிய உப்பில் நடுவில் இருக்கிற பாஸ்பரஸ், தன்னைச் சுற்றியுள்ள ஃபுளூரினை விடாது. தண்ணீரோடு கொதித்தாலும் விடாது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் வைத்திலிங்கம் கேட்டதற்காக எவாஞ்சலின் இதைச் சொல்லிப் பார்த்தாள்.

"அது யாரோடயும் ஒட்டாதுண்ணே. பக்கத்துல எது வந்தாலும் கையப் புடிச்சுக்காது. அதுக்குத்தான் இவ்ளோ கிராக்கி."

"நம்ப மேனேஜர் சார் மாதிரின்னு சொல்லுங்க" என்றார் வைத்திலிங்கம். அன்றைக்கு அவள் புரையேறும்வரை சிரித்தாள்.

உப்பு சாதுவானது. அதைச் செய்வதற்கு ஊற்றுகிற ஆசிட் அப்படி இல்லை. கண்ணாடியை அரித்துவிடும் என்பதால் அந்தக் கூடத்தில் எல்லாப் பாத்திரமும் பிளாஸ்டிக்கில்தான். கேன்களில் வரும் ஆசிட்டின் சொந்த லேபிளை மேனேஜர் இளவழகன் முதல் நாளே உரித்து எடுத்துவிடுவார். ஃபார்முலா வெளியே போய்விடக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. ஏ-ஒன், ஏ-டூ, ஏ-த்ரீ என்று எழுதி ஒட்டுவது எவாஞ்சலினின் வேலை. ஆசிட்டுக்கு ஏ-டூ என்று பெயர். அதன் நிஜப் பெயரை வெளியே சொல்லமாட்டேன் என்று வேலையில் சேரும்போதே அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். வைத்திலிங்கத்திடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஏ-டூ மேல பட்டா எரியலைன்னாலும் உடனே எங்கிட்ட சொல்லணும். என் ஹேண்ட்பேக்ல எப்பவும் ஒரு ஜெல் இருக்கும். அதத் தேய்க்கணும்."

கோடு தெளிவாக விழுந்தது. எவாஞ்சலின் சோதனைக்கான கரைசலைத் தயார் செய்யப் பக்கத்து அறைக்குப் போனாள். வைத்திலிங்கம் குழாயைச் செருகி மேல் தண்ணீரை வடிக்க ஆரம்பித்தார். முதல் தண்ணீரில் ஏ-டூவின் மிச்சம் நிறைய இருக்கும். பாதி வடிந்தபோது குழாய் துள்ளி வெளியே வந்து அவருடைய வலதுகைமேல் ஊற்றியது. அவர் குழாயைப் பிடித்து மறுபடி செருகி, மிச்சத்தையும் வடித்து முடித்தார். பிறகு கையுறையைக் கழற்றியபோது உள்ளே ஈரமாக இருந்தது. விரல் இடுக்கில் எங்கோ நூல் அளவுக்குக் கிழிந்திருக்க வேண்டும். குழாயடியில் கையை நன்றாகக் கழுவினார். எரிச்சல் இல்லை, சிவக்கவும் இல்லை. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு வேறு கையுறை மாட்டிக்கொண்டு அடுத்த தண்ணீரை ஊற்றினார்.

சரக்கைப் பல முறை கழுவி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. போன மூன்று பேட்ச்சுகளும் இந்த இடத்தில்தான் தோற்றிருந்தன. கழுவிய தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டினால் வெள்ளையாகத் திரையும். திரைந்தால் சுத்தமில்லை என்று அர்த்தம். அன்றைக்கு எவாஞ்சலின் சொட்டினாள். சோதனைக் குழாயைக் கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி சொட்டினாள். பிறகு கூடத்துக்கு ஓடிவந்தாள்.

"அண்ணே! தண்ணி தெளிவாவே இருக்கு. திரையவே இல்ல!"

மேலே பட்டதைச் சொல்லவேண்டும் என்று அந்த நேரம்வரை வைத்திலிங்கம் நினைத்துக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. வலியும் இல்லையே.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்றார். வேன் ஹார்ன் அடித்தது. சிரித்துக்கொண்டே போய் ஏறினார்.

*

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் விரல்களுக்குள் பல்வலிபோல ஒன்று ஆரம்பித்தது. தோல்மேல் ஒன்றும் தெரியவில்லை. நகத்துக்கு அடியில் மட்டும் வெளுத்திருந்தது. மனைவி ருக்குமணி தேங்காய் எண்ணெய் தடவினாள். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றில் கை வைக்காமலே எழுந்தார். அதற்குப் பிறகு அவர் படுக்கவே இல்லை. சுவரில் கையை அடித்துக்கொண்டு, தண்ணீர்க் குடத்துக்குள் விட்டுக்கொண்டு, கடைசியில் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விடிந்ததும் ருக்குமணி அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரே ஒரு இளம் டாக்டர்தான் இருந்தார். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு கத்துகிற அளவுக்குத் தோலில் காயம் இல்லையே என்று அவருக்கே குழப்பமாக இருந்தது.

"என்ன பட்டுச்சு?"

"ஏ-டூங்க" என்றார் வைத்திலிங்கம்.

"ஏ-டூன்னா?"

"ஏ-டூன்னுதாங்க கேன்ல போட்டிருக்கும்."

டாக்டர் ருக்குமணியைக் கம்பெனிக்குப் போன் போடச் சொன்னார். அவளுக்குத் தெரிந்தது மேனேஜர் நம்பர் மட்டும்தான். இளவழகன் டாக்டரிடம் தானே பேசினார். அது பாத்திரம் கழுவுகிற கரைசல், சோப்பு மாதிரி, அதில் ஒன்றும் இல்லை என்றார். டாக்டர் வலிக்கு ஒரு ஊசி போட்டு, தீக்காயத்துக்கான களிம்பு தடவிக் கட்டுப்போட்டு, வார்டில் படுக்கவைத்தார். அந்தப் பகல் முழுவதும் வைத்திலிங்கம் கட்டைப் பிரிக்கச் சொல்லி அழுதார்.

*

திங்கட்கிழமை காலை டவுன்ஷிப் ஆர்ச் கேட்டில் வேன் வந்து நின்றது. எவாஞ்சலின் ஏறியதும் வைத்திலிங்கம் வழக்கமாக உட்காரும் சீட்டைப் பார்த்தாள்.

"அண்ணன் வரலையா?"

"கை வெந்துபோய் ஆஸ்பத்திரில கெடக்குறாராம்" என்றார் டிரைவர். "சனிக்கெழம நம்ப வண்டில வரும்போதுகூட நல்லாத்தான பேசிகினு வந்தாரு."

எவாஞ்சலின் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். ரோட்டோரம் நின்றபடி இளவழகனைக் கூப்பிட்டாள்.

"சார், வைத்திலிங்கம் அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

"அதெல்லாம் நான் பேசிட்டேன் எவா. சின்ன விஷயம். நீங்க வாங்க, சரக்கு இன்னிக்கு பேக் பண்ணணும்."

"டாக்டர்கிட்ட ஏ-டூன்னா என்னன்னு சொன்னீங்களா?"

மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"சார், அது எலும்புவரைக்கும் போகும். ரத்தத்துல இருக்குற கால்சியத்த இழுத்துடும். ஹார்ட் நின்னுடும் சார்."

"அந்த ஆசிட் இங்க வச்சிருக்கோம்னு தெரிஞ்சா கம்பெனிய மூடிடுவாங்க. அப்புறம் உங்களுக்கும் வேலை இல்ல, அவருக்கும் இல்ல. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க, மறந்துடாதீங்க" என்றார் இளவழகன்.

அவள் போனை வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். தைரியநாதன் தெர்மல் மின் நிலையத்தில் பெர்மனென்ட். நைட் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவள் எல்லாவற்றையும் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். வருகிற டிசம்பரில் அவருக்கு ரிட்டயர்மென்ட். அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வாடகை வீடு பார்ப்பதெல்லாம் அவளுடைய சம்பளத்தை நம்பித்தான்.

"சொல்லிட்டன்னா உனக்கு வேலை போயிடும்ல?" என்று கேட்டார்.

"போயிடும்பா."

அவர் வேகத்தடைகளில்கூட வண்டியை மெதுவாக்காமல் ஓட்டினார்.

*

வார்டு வாசலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த பெண்ணை எவாஞ்சலின் அதற்கு முன் பார்த்ததில்லை. மடியில் வைத்திருந்த டிபன் பாக்ஸைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்டாள். தினமும் வைத்திலிங்கம் கொண்டுவருகிற பாக்ஸ் அது. ருக்குமணியின் விரல் நுனிகள் கறுத்துத் தடித்து, அங்கங்கே தோல் உரிந்திருந்தன. முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் கை அப்படித்தான் இருக்கும். ஓட்டிலிருந்து வடிகிற எண்ணெய் அரித்துவிடும்.

"அக்கா, நான் எவாஞ்சலின். அண்ணன்கூட வேலை பாக்குறேன்."

ருக்குமணி எழுந்து நின்றாள். "கெமிஸ்ட் பாப்பாவா நீ? உள்ள போய்ப் பாரும்மா. வலி தாங்காம கைய வெட்டி எடுங்கன்னு கேட்டுகினு கெடக்குறாரு."

எவாஞ்சலின் டாக்டரின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள். கைப்பையிலிருந்து எடுத்த ஜெல் டியூபை அவர் மேசைமேல் வைத்தாள்.

"சார், அது ஹைட்ரோஃபுளூரிக் ஆசிட்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். "எவ்வளவு நேரம் ஆச்சு?"

"சனிக்கிழமை மத்தியானம் சார்."

அவர் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே வார்டை நோக்கி ஓடினார். கட்டைப் பிரித்தார்கள். மூன்று விரல்கள் சாம்பல் நிறத்தில், வேறு யாருடையவோபோல இருந்தன. நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். கால்சியத்தை நரம்பில் ஏற்றினார்கள், கைக்குள்ளும் ஊசி போட்டார்கள். மத்தியானத்துக்குள் வைத்திலிங்கம் முனகல் குறைந்து, இரண்டு நாளுக்குப் பிறகு கண்ணயர்ந்தார். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். பிறகு எவாஞ்சலினைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நேத்துக் காலைலயே பேர் தெரிஞ்சிருந்தா விரலக் காப்பாத்தியிருக்கலாம். ஏ-டூ, ஏ-டூன்னே சொல்லிட்டு இருந்தாரு. நான் என்னன்னு எடுத்துக்கறது?"

அவள் திரும்பி வந்தபோது ருக்குமணி அதே சுவரோரம் இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேன்ல நீதான் எழுதுவியாம்மா? வூட்டுல வந்து சொல்லுவாரு. மேடம் எழுத்து முத்து முத்தா இருக்கும், நம்ப பசங்களுக்கு இப்பிடி வரமாட்டேங்குதேன்னு."

எவாஞ்சலின் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அதோட நெசப் பேரையே எழுதியிருக்கலாமேம்மா" என்றாள் ருக்குமணி. அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது. எவாஞ்சலினுக்கு அழுகை வந்தது. ருக்குமணி டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு, தன் கறுத்த கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அந்த வாரமே மூன்று விரல்களையும் எடுத்துவிட்டார்கள். எவாஞ்சலினுக்குப் போன் வந்தது. கான்ட்ராக்ட் முடிந்தது, இனி வரவேண்டாம் என்று இளவழகன் சொன்னார். சரக்கு நன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, மறு ஆர்டரும் வந்திருக்கிறது என்பதை டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

*

எவாஞ்சலினும் ருக்குமணியும் நஷ்டஈடு கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்கள். தைரியநாதன் தன் யூனியன் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிப்போய்க் கம்பெனி கேட்டில் நின்றார். கடைசியில் கம்பெனி தன் செலவில் ஒரு விசாரணை வைக்க ஒப்புக்கொண்டது. வெளியூரிலிருந்து ரிட்டயர்டு வக்கீல் ஒருவரை அழைத்து வந்தார்கள். ஆபீஸ் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. வக்கீலின் உதவியாளர் ஒருவர் சொல்வதையெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்தார். இளவழகன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வைத்திலிங்கம் வலதுகையை ஒரு பழைய வேட்டித் துணியால் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

முதலில் எவாஞ்சலினைக் கூப்பிட்டார்கள்.

"சனிக்கிழமை அவர் கையில ஆசிட் பட்டத நீங்க பாத்தீங்களா?" என்று வக்கீல் கேட்டார்.

"நான் பக்கத்து ரூம்ல இருந்தேன் சார்."

"பாத்தீங்களா, பாக்கலையா?"

"பாக்கல."

"அன்னிக்கு உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்ல."

"சாயங்காலம் சிரிச்சுப் பேசிட்டுதான் வேன் ஏறினாருன்னு டிரைவர் சொல்றாரு. சரிதானே?"

"அந்த ஆசிட் அப்படித்தான் சார். உடனே எரியாது. உள்ள போய்ட்டுதான்…"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா."

"சிரிச்சாரு சார்" என்றாள்.

வக்கீல் ஆஸ்பத்திரித் தாள்களைப் புரட்டினார். "ஞாயிற்றுக்கிழமை சீட்டுல இந்த ஆசிட் பேரே இல்ல. திங்கட்கிழமை சீட்டுலதான் இருக்கு. யார் சொல்லி எழுதினாங்க?"

"நான் சொன்னேன்."

"சரி. நீங்க உக்காரலாம்."

அடுத்து வைத்திலிங்கம் எழுந்து நின்றார். கேள்வி கேட்பதற்கு முன்பே கும்பிட முயன்று, ஒரு கையை மட்டும் நெஞ்சருகே வைத்தார்.

"வலி எங்க ஆரம்பிச்சுது?"

"வூட்டுலதாங்க ஆரம்பிச்சுது. ஆனா…"

'வீட்டில்' என்று உதவியாளர் அடித்தார். வக்கீல் கையை உயர்த்தி வைத்திலிங்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு இளவழகன் பக்கம் திரும்பினார்.

"இவங்க வீட்ல முந்திரி உடைக்கிற தொழில் சார்" என்றார் இளவழகன். அவர் வைத்திலிங்கத்தைப் பார்க்காமல் பேசினார். "அந்த எண்ணெய் பட்டா கை வெந்துபோகும், ஊருக்கே தெரியும். சனிக்கிழமை ராத்திரி வீட்லதான் இருந்திருக்காரு. என்ன நடந்துச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"உடைக்கிறது நானுங்க!" ருக்குமணி எழுந்துவிட்டாள். "அவரு கொட்டையத் தொட்டதே கெடையாது. நாத்தமே ஆவாதும்பாரு. இருபது வருசமா உடைக்கிறேன், எனக்கு ஒரு வெரலாச்சும் போயிருக்குதா? கேளுங்க, இதக் கேளுங்க."

"உங்க வீட்ல உடைக்கிறீங்க, இல்லையா?"

"உடைக்கிறங்க."

"கையக் காட்டுங்க பாப்போம். மேசைமேல வைங்கம்மா."

ருக்குமணி தயங்கினாள். முந்தானையில் உள்ளங்கைகளைத் துடைத்துவிட்டு, பளபளக்கிற மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்தாள். கறுத்த விரல் நுனிகளும் உரிந்த தோலும் டியூப்லைட் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தன. உதவியாளர் எழுந்து வந்து செல்போனில் படம் எடுத்தார்.

"திருப்புங்க. உள்ளங்கை… இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளி வைங்கம்மா, நெழல் விழுது."

அவள் கைகளை வெளிச்சத்துக்கு நகர்த்தினாள்.

படம் எடுக்கிறார்கள் என்பதைப் பார்த்ததும் வைத்திலிங்கம் தன் கையில் சுற்றியிருந்த துணியைப் பிரிக்க ஆரம்பித்தார். ருக்குமணி போட்ட முடிச்சு இறுகியிருந்தது. இடதுகை விரல்களால் அவிழ்க்க முடியாமல், குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். எவாஞ்சலின் உதவிக்கு எழுந்தாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். சுற்றுச் சுற்றாகத் துணி தரையில் விழுந்தது. உள்ளே ஒட்டியிருந்த பஞ்சையும் எடுத்துவிட்டு, கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் நிற்கிற அந்தக் கையை ருக்குமணியின் கைகளுக்குப் பக்கத்தில் மேசைமேல் நீட்டினார்.

உதவியாளர் அதற்குள் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பிரின்டருக்குப் பேப்பர் வைக்கப் போயிருந்தார். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்தார். இளவழகன் யாருக்கோ டீ சொல்லிக்கொண்டிருந்தார்.

வைத்திலிங்கம் கையை எடுக்கவில்லை. ஆடாமல் இருப்பதற்காக மணிக்கட்டை இடதுகையால் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்துக்கு இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.